களையை வென்ற நிழல்!

வயலில் களை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லும் மண்ணும் வெட்டி எடுத்த பழைய சுரங்கத்தில் களை எடுத்த கதை தெரியுமா? அது நடந்தது நம் நாட்டின் தலைநகரான டில்லியில்!

தெற்கு டில்லியில், வசந்த் விகார் பகுதியை ஒட்டி ஆரவல்லி மலைத்தொடரின் ஒரு பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கல்லும் செம்மணலும் தோண்டி எடுத்தார்கள். வேலை நின்றபோது மிஞ்சியவை பெரிய பெரிய பள்ளங்கள்தான்.

சுரங்கம் தோண்டும்போது முதலில் போவது மேல்மண். அந்த மேல்மண்ணில்தான் அந்த ஊர்ச் செடிகளின் விதைகள் தூங்கிக்கொண்டிருக்கும். மண் போனால் விதையும் போச்சு! காலியான வீட்டில் யார் முதலில் நுழைகிறாரோ, அவரே எஜமான் ஆகிவிடுவார். இங்கே நுழைந்தது, 'விலாயதி கீகர்' என்ற முள்மரம்.

பெயர் புதிதாக இருக்கிறதா? 'விலாயதி' என்றால் சீமை; 'கீகர்' என்றால் கருவேலம். ஆமாம், நம் ஊர்க் கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் அதே சீமைக் கருவேலம்தான்! அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்த மரம், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் டில்லிக்கு வந்தது. இதன் இனிப்பான நெற்றுகளை ஆடு, மாடுகள் தின்னும். விதைகள் சாணத்தோடு வெளியே வந்து முளைக்கும். வெட்டினாலோ, அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளைகளாகத் துளிர்க்கும்!

'எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எறியலாமே' என்கிறீர்களா? பிடுங்கலாம். பிறகு நிலம் மொட்டையாகிவிடும். மழையில் மிச்ச மண்ணும் கரைந்து ஓடும். காலி இடத்தில் மறுபடி களைதான் முளைக்கும்.

2004-ஆம் ஆண்டு வாக்கில், பேராசிரியர் சி.ஆர். பாபு தலைமையிலான டில்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், டில்லி வளர்ச்சி ஆணையத்துடன் சேர்ந்து வேறு வழியில் இறங்கினார்கள்.

முதலில், முள்மரங்களை அடியோடு வெட்டாமல் கிளைகளை மட்டும் கழித்தார்கள். தரையில் வெயில் பட்டது. அந்த வெளிச்சத்தில் ஆரவல்லி மலைக்கே உரிய மரக்கன்றுகளை நட்டார்கள். புல்லும் புதரும் வளர்த்தார்கள். கன்றுகள் சிறியவையாக இருந்தவரை, முள்மரம் அரைநிழல் தந்து அவற்றைக் காத்தது.

ஆண்டுகள் ஓடின. கன்றுகள் மரங்களாகி, தலைக்கு மேல் குடை விரித்தன. சீமைக் கருவேலத்துக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் அது மெலிந்து போகும். அதன் விதைகளும் எளிதில் தலைதூக்க முடியாது. எந்த வெளிச்சத்தைக் காட்டிற்குத் தராமல் அது மறைத்ததோ, அதே வெளிச்சம் அதற்குக் கிடைக்காமல் போயிற்று!

இன்று அந்த இடம் 'ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா'. ஏறத்தாழ 690 ஏக்கர்! பழைய சுரங்கப் பள்ளங்களில் குளுமையும் ஈரமும் தங்குவதால், அங்கே பெரணிச் செடிகளும் ஆர்க்கிட் மலர்களும் வளர்க்கிறார்கள். பட்டாம்பூச்சிகளும் பறவைகளும் திரும்பி வந்திருக்கின்றன.

ஆனால், இது ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. கன்று மரமாகும் வரை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதிதாக முளைக்கும் முள்கன்றுகளைத் தேடிப் பிடுங்க வேண்டும். இரண்டு ஆண்டு அசந்தால், பழைய கதைதான்!

நீங்களே செய்து பாருங்கள்!

பள்ளித் தோட்டத்தில், ஆசிரியரின் அனுமதி பெற்று, ஒரு மீட்டர் நீள அகலத்தில் இரண்டு பாத்திகள் அமையுங்கள். இரண்டிலும் களை எடுங்கள். ஒன்றில் தட்டைப்பயறை நெருக்கமாக விதையுங்கள்; மற்றதைச் சும்மா விடுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றரை மாதம் கழித்து, எதில் எத்தனை களை என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். பார்த்தீனியம் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். தோலில் அரிப்பு வரும்.

களையைப் பிடுங்குவது பாதி வேலைதான், குழந்தைகளே. அந்த இடத்தில் நல்லதை நட்டு வளர்ப்பதுதான் மீதிப் பாதி!