ரேடியோ மெக்கானிக் செய்த கிடார்

கடலோரத்தில் பழைய எலெக்ட்ரிக் கிடார் ஒன்று விலைக்கு வந்தால், நிறத்தையும் பெயரையும் பார்ப்பதற்கு முன் பிரிட்ஜைப் பாருங்கள். தந்திகள் ஆறும் வந்து உட்காரும் உலோகத் தகடு அது. கிடாரை வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்பது அங்கேதான் தெரியும். கோவளம் தொடங்கி மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையோர விடுதிகளிலும் கஃபேக்களிலும் கிடார்கள் இருக்கின்றன. செங்கல்பட்டுப் பக்கம் வந்தால் சர்ச் பாடகர் குழுவிலும், திருவிழாவுக்கு வாசிக்கும் மெல்லிசைக் குழுவிலும், கல்லூரி மாணவர்கள் வீட்டுப் பரணிலும் இருக்கின்றன. பல கிடார்களை யாரும் தொடுவதே இல்லை. ஏன் என்று கேட்டால், "சுருதி நிக்க மாட்டேங்குது" என்பார்கள்.

அப்படி ஒதுக்கப்பட்டவற்றில் டிரெமலோ பிரிட்ஜ் வைத்த கிடார்களே என் கண்ணில் அதிகம் படுகின்றன. பிரிட்ஜில் செருகிய ஒரு கம்பியை அழுத்தினால் சுரம் தாழும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். நல்ல நிலையில் இருந்தால் கேட்க அத்தனை அழகு. நிலை தவறினால் வாசிப்பவர் பொறுமையைச் சோதித்துவிடும். ஆனால் இது பழுதுபார்க்க முடியாத பொருளே அல்ல. பழுதுபார்த்தே பிழைத்த ஒருவர் செய்த பொருள்.

ஃபுல்லர்டன் பட்டறை

அவர் பெயர் லியோ ஃபெண்டர். 1909இல் பிறந்தவர், கணக்கர் வேலைக்குப் படித்தவர். 1938இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தார். ரேடியோவோடு இசைக்குழுக்களின் ஆம்ப்ளிஃபையர்களும் பழுதுக்கு வந்தன. எந்த இணைப்பு அறுகிறது, எந்தத் திருகு தளர்கிறது என்று தினமும் பார்த்த கை அது. அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்களை அழைத்து, கொடுத்துப் பார்த்து, அவர்கள் சொன்ன குறையைத் திருத்தினார்.

1954இல் அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிடார் வந்தது. அதன் டிரெமலோவுக்கு முதலில் போட்ட வடிவத்தில் ஒலி நீண்டு நிற்கவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, உடலைத் துளைத்து உள்ளே இறங்கும் கனமான உலோகக் கட்டையோடு புதிதாகச் செய்தார்கள். அந்த அமைப்புக்கு 1956இல் காப்புரிமை கிடைத்தது. இன்று உலகமெங்கும் விற்கும் மலிவு விலை எலெக்ட்ரிக் கிடார்களில் எத்தனையோ அந்த வடிவத்தின் நகல்கள்தான்.

இந்தக் கிடாரில் கழுத்து உடலோடு ஒட்டப்படவில்லை. நான்கு திருகுகளில் நிற்கிறது. தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப், குமிழ்கள், வயர் எல்லாம் முன்பக்கம் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்குகின்றன. தகட்டைக் கழற்றினால் பெரும்பாலான மின்வேலை கையோடு வந்துவிடும். பின்பக்க மூடியைத் திறந்தால் ஸ்ப்ரிங்குகள் தெரியும். ஒரு திருப்புளி, ஓர் ஆலன் கீ, ஒரு சால்டரிங் ஐயன் இருந்தால் கிடார் முழுவதையும் பிரித்துப் பூட்டலாம்.

ஸ்ப்ரிங்கும் தந்தியும்

டிரெமலோ பிரிட்ஜ் ஒரு தராசு. ஒரு தட்டில் ஆறு தந்திகளின் இழுவிசை, மறு தட்டில் பின்பக்க ஸ்ப்ரிங்குகளின் இழுவிசை. மிக மெல்லிய தந்தி 9, தடித்த தந்தி 42 என்று பொறித்த சாதாரண செட்டைச் சரியான சுருதிக்கு ஏற்றினால் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 38 கிலோ எடைக்கு நிகராக இழுக்கும். 10–46 செட் போட்டால் அது 47 கிலோ அளவுக்குப் போகும். அந்த இழுவைக்கு எதிராக மூன்று ஸ்ப்ரிங், சில நேரம் ஐந்து, பின்னால் இழுத்து நிறுத்துகின்றன.

சுருதி நிற்கவில்லை என்ற புலம்பலுக்கு விடை இங்கேதான். ஒரு தந்தியை முறுக்கினால் முன்பக்க இழுவை கூடும். பிரிட்ஜின் பின்விளிம்பு மேலே எழும். உடனே மற்ற ஐந்து தந்திகளும் தளரும். தளர்ந்தவற்றை முறுக்கினால் முதலில் சரி செய்ததும் இறங்கிவிடும். விஷயம் தெரியாதவர் இந்தச் சுற்றிலேயே மாட்டிக்கொண்டு, கிடார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார். தந்தி செட்டை மாற்றினால் ஸ்ப்ரிங் பக்கமும் திருத்த வேண்டும் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் அந்தக் கிடார் பரணுக்குப் போயிருக்காது.

உப்புக் காற்று செய்யும் வேலை

இந்தக் கடற்கரையில் தராசின் கதையோடு துருவின் கதையும் உண்டு. கேளம்பாக்கம், செய்யூர் பக்கம் உப்பளம் போடுகிற மண் இது. அலை உடைந்து தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று கரைக்குள் கொண்டுவருகிறது. துளி காய்ந்தாலும் உப்பு போகாது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாக நிற்கும். நிக்கல், குரோம் பூச்சுகளில் இருக்கும் நுண்துளைகள் வழியே குளோரைடு உள்ளே இறங்கி, அடியிலிருக்கும் இரும்பைத் தின்னும். கரையை விட்டு விலக விலக இந்த வேகம் சட்டென்று குறையும். அதனால்தான் கடலிலிருந்து 25 கிலோமீட்டர் போல் உள்ளே இருக்கும் செங்கல்பட்டு வீட்டிலிருந்த கிடாரும், மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த அறையிலிருந்த கிடாரும் ஒரே வயதில் ஒரே நிலையில் இருப்பதில்லை.

கருங்கல்லையே இந்தக் காற்று விடவில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் மாமல்லபுரத்தில் எழுப்பிய கடற்கரைக் கோயிலைக் காக்கத் தொல்லியல் துறை அலைத்தடுப்பு கட்டி, சவுக்கு நட்டு, காகிதக் கூழ் பூசிக் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. மெல்லிய பூச்சு போட்ட ஒரு சின்னத் திருகு எம்மாத்திரம்?

பிரிட்ஜில் முதலில் பிடித்துக்கொள்பவை சாடில்களின் உயரத் திருகுகள். ஒவ்வொரு தந்திக்கும் அது படிந்து நிற்க ஒரு சாடில், ஒவ்வொரு சாடிலுக்கும் இரண்டு பொடித் திருகுகள். வாசிப்பவரின் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து இறங்கும் இடம் அது. அடுத்து முன்விளிம்பிலிருக்கும் ஆறு திருகுகள். பிரிட்ஜ் அவற்றின்மேல்தான் ஆடுகிறது. அங்கே துரு ஏறினால், கம்பியை அழுத்தி விட்டதும் பிரிட்ஜ் பழைய இடத்துக்குத் திரும்பாது.

பட்டறை மேசையில்

தந்திகளைத் தளர்த்திக் கழற்றிய பிறகுதான் ஸ்ப்ரிங்கில் கை வைக்க வேண்டும். பிரிட்ஜை மொத்தமாக வெளியே எடுத்துவிடுங்கள். மரத்தோடு வைத்துக்கொண்டு எண்ணெய் விட்டால் மரம் ஊறிக் கெடும். எடுத்த பிரிட்ஜின் திருகுகளுக்கு இருசக்கர வண்டிக்காரர்கள் பயன்படுத்தும் துருநீக்கி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். அப்படியும் அசையாத திருகின் தலையில் சால்டரிங் ஐயன் நுனியைச் சிறிது நேரம் வைத்தால் சூட்டில் பிடி தளரும். அவசரப்பட்டு ஆலன் கீயை முறுக்கினால் திருகின் அறுகோணக் குழி தேய்ந்துபோகும். அதன்பின் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். துருவுக்கு வினிகரில் ஊறவைப்பதும் உண்டு. வெறும் இரும்புத் திருகுக்கு அது சரி. மலிவு கிடார்களின் உலோகக் கட்டை பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. வினிகர் அதை அரித்துவிடும்.

மரத்தில் ஏறும் ஆறு திருகுகளுக்கு மரை பிடிப்பு விட்டுப்போயிருந்தால் அது தச்சர் வேலை. பழைய துளையைப் பெரிதாக்கி, உறுதியான மரத்தில் சீவிய ஆப்பை ஃபெவிகால் தடவி அறைந்து, நன்றாகக் காய்ந்தபின் புதிதாகத் துளை போட வேண்டும். தொலைந்துபோன டிரெமலோ கம்பியை லேத் பட்டறையில் செய்து வாங்கலாம். ஆனால் மரை அளவு முக்கியம். ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் 6 மில்லிமீட்டர் மரை, அமெரிக்க ஃபெண்டரில் 10-32 என்ற அங்குல மரை. மாற்றிப் போட்டால் கட்டையின் மரையே போய்விடும். பிரிட்ஜைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. பிரிட்ஜையே மாற்றுவதென்றால் முதல் திருகின் மையத்திலிருந்து ஆறாவதன் மையம் வரை அளந்துகொள்ளுங்கள். பழைய ஃபெண்டர் அளவு 56 மில்லிமீட்டர். நகல்களில் 52, 54 என்று மாறும்.

இனி பின்பக்கக் குழி. ஸ்ப்ரிங்குகளின் மறுமுனை ஓர் உலோக நகத்தில் மாட்டியிருக்கும். அந்த நகத்தில் ஒரு வயர் பற்றவைத்திருப்பார்கள். தந்திகளைக் கிடாரின் கிரவுண்டோடு இணைப்பது அதுதான். கடலோரக் கிடாரில் அந்தப் பற்று அடிக்கடி விட்டுப்போகும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆம்ப் இரையும்போது தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறையாமல், வயர் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால், இந்த இணைப்பு அறுந்திருக்கிறது.

செங்கல்பட்டில் டிவி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் ஒரு கிடாரை இதற்காகக் கொண்டுபோயிருந்தேன். கிடாரை அவர் திறந்து பார்த்ததே இல்லையாம். குழிக்குள் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "என்ன தம்பி, இவ்வளவுதானா உள்ளே? பழைய ட்ரான்சிஸ்டர்ல கூட இதைவிட ஜாஸ்தி இருக்குமே" என்றார். நகத்தை உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்தார். மேசையிலிருந்த சிறிய ஐயனை ஒதுக்கிவிட்டு 60 வாட் ஐயனை எடுத்தார். "ஏன் பெரியவரே பெருசு?" என்று கேட்டேன். "கனமான தகடு தம்பி. சின்னது வெச்சா சூடெல்லாம் தகடு குடிச்சிடும். ஈயம் மேல உக்காரும், ஒட்டாது." நகம் சூடேறிய பிறகுதான் ஈயத்தைக் காட்டினார். அது உருகிப் பரவி, ஆறியதும் மினுங்கியது. கரகரத்த வால்யூம் குமிழுக்குள் காண்டாக்ட் கிளீனர் அடித்து, தொய்ந்த ஜாக்கையும் மாற்றித் தந்தார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஜாக், பொட்டென்ஷியோமீட்டர், கப்பாசிட்டர் எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தந்திகள் ஆம்ப்பின் கிரவுண்டோடு இணைந்திருப்பதால், வீட்டிலோ மேடையிலோ எர்த் சரியில்லையென்றால் தந்தி வழியே ஷாக் அடிக்க வாய்ப்புண்டு. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எலெக்ட்ரீஷியனிடம் எர்த்தைச் சோதித்த பிறகு ஆம்ப்பைப் போடுங்கள்.

சுருதி சேர்க்கும் வரிசை

புதுத் தந்தி போட்டுச் சுருதி சேர்த்தபின் பிரிட்ஜின் பின்விளிம்பைப் பாருங்கள். உடலிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் எழுந்து நிற்பது ஃபெண்டர் சொல்லும் நிலை. அதற்கு மேல் எழுந்தால் நகத்தைப் பிடித்திருக்கும் இரண்டு நீளத் திருகுகளை உள்ளே ஏற்றுங்கள். மறுபடி சுருதி, மறுபடி திருகு. ஒவ்வொரு சுற்றிலும் வேறுபாடு குறைந்து, இரு பக்கமும் சமமாகும் இடம் வந்துவிடும். அதன்பின் சாடில் உயரம், கடைசியாக நீளம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் சுரம், அதே இடத்தில் விரல் நுனியால் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சாடிலைப் பின்னே தள்ள வேண்டும். இறங்கியிருந்தால் முன்னே. கழுத்து முனையிலுள்ள நட்டின் பள்ளங்களில் பென்சில் தூளைத் தடவினால் தந்தி மாட்டாமல் வழுக்கும்.

கம்பியே வேண்டாம் என்பவர் ஸ்ப்ரிங்கை இறுக்கிப் பிரிட்ஜை உடலோடு படியவைத்துவிடலாம். புகழ்பெற்ற கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனே ஐந்து ஸ்ப்ரிங்கும் ஒரு மரக்கட்டையும் வைத்து அதை அசையாமல் நிறுத்தியவர். வழிபாட்டில் நடுவே நிறுத்திச் சுருதி சேர்க்க முடியாத பாடகர் குழுவுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் கம்பியைப் பயன்படுத்துவோருக்கு அது திறந்துவிடும் உலகம் பெரிது. வீணையானாலும் கிடாரானாலும் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் மேலேதான் ஏறும். மீட்டிய சுரத்தை அதன் இயல்பான இடத்துக்கும் கீழே தாழ்த்தி, அசைத்து, திரும்பக் கொண்டுவருவதற்கு இந்தக் கம்பி உதவுகிறது. 2023 ஜனவரியில் மறைந்த கிடார் கலைஞர் ஜெஃப் பெக், இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் 'நாதியா' பாடலைக் கிடாரில் வாசித்தபோது, நம் ஊர்க் குரலின் வளைவுகளை இந்தக் கம்பியால் எட்டிப் பிடித்தார். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினில் ராகம் பாடிக் காட்டிய நாடு இது. சுகுமார் பிரசாத்தும், ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னாவும் கிடாரைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கமகம் காதில் ஊறிய ஒரு பிள்ளையின் கையில் ஒழுங்காக இயங்கும் டிரெமலோ கிடைத்தால் என்னென்ன பிறக்கும்!

கடலோரத்தில் வைத்திருப்பவர்கள் வாசித்து முடித்ததும் பிரிட்ஜையும் தந்திகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டியில் வையுங்கள். சுவரில் மாட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். திருகுகளுக்கு அவ்வப்போது ஒரு துளி எண்ணெய் போதும்.

தச்சர், லேத்காரர், ஐயன் பிடிக்கத் தெரிந்தவர் மூவரும் செங்கல்பட்டில் இன்னமும் இருக்கிறார்கள். டிவியைப் பழுதுபார்க்கும் வழக்கம் குறையக் குறைய, பற்றவைக்கும் அந்தக் கை அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றுவிடும். உங்கள் பாடகர் குழுவிலோ பள்ளியிலோ ஒரு கிடார் ஒதுங்கிக் கிடந்தால், இந்த மழைக்காலத்துக்குள் எடுத்துப்போய்க் காட்டுங்கள். போகும்போது கிடார் கற்க ஆசைப்படும் பிள்ளை ஒன்றையும் கூட்டிப்போங்கள். பின்மூடியை அந்தப் பிள்ளையே திறக்கட்டும். புதுக் கிடார் வாங்க வசதியில்லாத வீட்டில் அது முதல் கிடாராகும். அதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொள்ளும் கையும் அந்த வீட்டிலேயே வளரும்.