எள்ளே, எந்த மொழியில் திறப்பாய்?

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் பெரியவர்கள் வலையும் மீனுமாக இருக்கும் நேரத்தில், பள்ளி வயதாகாத பிள்ளைக்குத் தொலைக்காட்சிதான் துணை. அதில் என்ன ஓடுகிறது என்று நாம் கேட்பதில்லை.

பீர் விளம்பரப் பாட்டைப் பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடுகிறார்களே, எழுத்தையும் எண்ணையும் அப்படிப் பாடவைக்க முடியாதா? இந்த யோசனையில்தான் ஜோன் கான்ஸ் கூனி, 1969 நவம்பரில் அமெரிக்காவில் ‘செசமி ஸ்ட்ரீட்’டைத் தொடங்கினார். ஜிம் ஹென்சனின் பொம்மைகள் பாடின.

அதன் அரபி வடிவம் 1979இல் குவைத்தில் உருவானது: ‘இஃப்தஹ் யா சிம்சிம்’. அலிபாபா கதையின் ‘எள்ளே, திற’தான். நாட்டுக்கு நாடு பேச்சு மாறும் அரபுலகில் பொம்மை எந்த அரபியைப் பேசுவது? எளிய ஃபுஸ்ஹாவை, அதாவது நூல் வழக்கை, எடுத்துக்கொண்டார்கள். துணிச்சலான முடிவு என்றே நமக்குத் தோன்றுகிறது. 1990இல் குவைத் மீதான படையெடுப்போடு நின்றுபோன தொடர், 2015இல் திரும்பியது.

இந்தியாவில் 2006இல் ‘கலி கலி சிம் சிம்’ இந்தியில் வந்தது. சம்கி என்ற சிறுமியும் பூம்பா என்ற சிங்கமும் அதில் பிரபலம்.

நம் பிள்ளைக்கும் அதே சிக்கல்தான். வீட்டுத் தமிழ் ஒன்று, டப்பிங் தமிழ் ஒன்று, பாடநூல் தமிழ் இன்னொன்று. இடையில் பாலம் போட உம்மாவோ அத்தாவோ பக்கத்தில் உட்கார வேண்டும். பொம்மை பத்து வரை எண்ணி முடித்ததும், கூடையில் கிடக்கும் மடவையையும் நண்டையும் பிள்ளை எண்ணட்டும்.