நாற்றமும் நாவும் வரலாறும்: நோர்வேயின் நத்தார் மீனுணவு பற்றிய சில குறிப்புகள்

சுவை தனிமனிதரின் நாவைப் பொறுத்தது, அதுபற்றி வாதிடுவதிற் பயனில்லை என்பது பரவலாக நிலவும் ஒரு கருத்தாகும். இலக்கியச் சுவை தொடர்பாக இக்கருத்து முன்வைக்கப்படும்போது முற்போக்கு விமர்சகர்கள் அதனை மறுத்து வந்துள்ளனர். ஆனால், பேச்சு உணவின் பக்கம் திரும்பியதும் அவர்களுட் பலர் அதே கருத்தை வினாவின்றி ஏற்றுக்கொண்டு விடுகின்றனர். நாவின் சுவையும் சமூக வரலாற்றோடு பிணைந்ததே என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளிலே நத்தார் காலத்தில் உண்ணப்படும் லூட்டபிஸ்க் எனும் மீனுணவை இதற்கெனத் தெரிந்துகொண்டுள்ளோம். அந்நாட்டவரையே இரு அணிகளாகப் பிரித்து நிறுத்தும் உணவு இது.

முதலில் அப்பண்டம் யாதென்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். லூட்டபிஸ்க் என்பதன் நேர்ப்பொருள் 'காரநீர் மீன்' என்பதாகும். அதன் மூலப்பொருள் பெரும்பாலும் கொட் மீன் கருவாடு. வடநோர்வேயின் லொபொட்டன் தீவுகளிலே குளிர்காலத்திற் பிடிக்கப்படும் கொட், உப்பிடப்படாமல் மரச்சட்டங்களிலே தொங்கவிடப்பட்டு, பெப்ரவரி முதல் மே வரை வீசும் குளிர்காற்றில் உலர்கின்றது. உலர்ந்து முடிந்ததும் அதன் நிறை ஏறத்தாழ 5இல் 1 பங்காகக் குறைந்து, விறகுக்கட்டைபோல் இறுகிவிடும், ஆண்டுக்கணக்கிற் கெடாதிருக்கும். இக்கருவாட்டைப் பல நாட்கள் தண்ணீரிலும் பின்னர் காரநீரிலும் ஊறவைப்பர். முற்காலத்தில் பேர்ச் போன்ற மரங்களின் சாம்பலிலிருந்து வடித்த நீர் இதற்குப் பயன்பட்டது. இக்காலத்தில் எரிசோடா பயன்படுகின்றது. காரம் புரதத்தின் கட்டமைப்பைத் தளர்த்துவதால், மீன் பெருமளவு நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழ்போன்ற மென்மையை அடைகின்றது. அந்நிலையில் அதனை உண்பது ஆபத்தானது. ஆதலின், நன்னீரை மாற்றி மாற்றி மேலும் பல நாட்கள் ஊறவைத்துக் காரத்தை நீக்கிய பின்னரே வேகவைப்பர்.

இவ்வுணவு பற்றிய கருத்து வேறுபாடு இரண்டு விடயங்களைச் சுற்றி அமைகின்றது. ஒன்று, வேகும்போது எழுந்து வீடெங்கும் பரவும் நாற்றம். மற்றது, வாயிலே வழுக்கிச் செல்லும் கூழ்த்தன்மை. இதனை வெறுப்போர், சவர்க்காரத்தை உண்பது போன்றதென்பர். வெள்ளிக் கரண்டிகளை அது கறுக்கச் செய்வதையும் சான்றாகக் காட்டுவர். விரும்புவோரோ, முறையாகச் சமைத்த மீன் மென்சுவை உடையதென்றும், குற்றம் சமைத்தவரது என்றும் வாதிடுவர். விரும்புவோரிடையேயும் பிணக்குண்டு. நோர்வேயில் உருகிய பன்றிக்கொழுப்பையும் பட்டாணி மசியலையும் சேர்ப்பர். சுவீடனிலே வெண்குழம்பை ஊற்றுவர். இச்சாரார் எவரும் பண்டத்தைப் பற்றிப் பொய்யுரைக்கவில்லை. கூழ்த்தன்மையும் நாற்றமும் பௌதிக உண்மைகள். அவற்றை வெறும் 'கருத்தியல்' எனத் தள்ளிவிடுவது வரட்டுத்தனமான பொருள்முதல்வாதமாகும். ஆயினும், ஒரே புலனுணர்வு ஒருவருக்கு அருவருப்பாகவும் இன்னொருவருக்குப் பண்டிகையாகவும் அமைவது எங்ஙனம் என்ற வினா எஞ்சியே நிற்கின்றது.

இவ்வினாவுக்கு விடைதேட முற்படுகையில் முதலில் எதிர்ப்படுவன தோற்றக் கதைகளாகும். எரிந்த மீன்சட்டங்களின் சாம்பலில் மழைநீர் கலந்து கருவாடு தற்செயலாக ஊறிப்போயிற்று என்பது ஒரு கதை. வைக்கிங்குகளைக் கொல்லும் நோக்குடன் புனித பற்றிக் மீனின்மீது காரநீரை ஊற்றுவித்தார், அவர்களோ அதனைச் சுவைத்துண்டனர் என்பது மற்றொரு கதை. பற்றிக் 5ஆம் நூற்றாண்டினர். வைக்கிங்குகளின் தாக்குதல்கள் தொடங்கியது 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. எனவே, இரண்டாவது கதை வரலாறாகாது. இக்கதைகளிலே உழைப்போரின் அறிவுக்கு இடமில்லை என்பது கவனிக்கத்தக்கது. உண்மையிற் சாம்பற் காரநீர், துணி வெளுப்பதற்கும் சவர்க்காரம் காய்ச்சுவதற்கும் வீடுகளிலே வடித்தெடுக்கப்பட்ட பொருள். அதனைக் கையாண்டோர் பெரும்பாலும் பெண்கள். 1555இல் ஒலாவுஸ் மக்னுஸ் என்ற சுவீடிய மதகுரு வெளியிட்ட வடபுல மக்கள் பற்றிய நூலில் இம்முறை குறிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே, அந்நூற்றாண்டில் அது நிலைபெற்ற ஒரு வீட்டுத் தொழினுட்பமாக இருந்ததெனக் கொள்ளலாம்.

நத்தாரோடு இம்மீன் இணைந்தமைக்குச் சமயமும் ஒரு காரணமாகும். கத்தோலிக்க சமயம் நிலவிய காலத்தில் நத்தாருக்கு முற்பட்ட நாட்கள் இறைச்சி விலக்கப்பட்ட நோன்பு நாட்களாகும். 16ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட லூதரன் சீர்திருத்தத்தோடு நோன்புக் கட்டாயம் நீங்கியது, மீன் நீங்கவில்லை. புதிய மீன் கிட்டாத இடங்களிலும் காலங்களிலும், கெடாது வைத்திருக்கக்கூடிய கருவாடு சமையலறைத் தேவையாகத் தொடர்ந்தமையே இதற்கு அடிப்படை.

அக்கருவாட்டின் உற்பத்தி உறவுகளையும் இங்கு நோக்குதல் அவசியம். ஜேர்மானிய ஹன்சா வணிகர் ஏறத்தாழ 1360இல் பேர்கன் நகரிலே தமது வணிக நிலையத்தை நிறுவினர். வடபுல மீனவர் கருவாட்டைக் கொண்டுவந்து கொடுத்துத் தானியத்தைப் பெற்றனர். தானியமும் தொழிற்கருவிகளும் முற்கடனாக வழங்கப்பட்டன; மறு ஆண்டு மீன் அக்கடனுக்கு ஈடாயிற்று. இவ்வாறு மீனவர் தலைமுறைகளாக வணிகரிடம் கடன்பட்டிருந்தனர். ஹன்சா வணிகர் மறைந்த பின்னரும் கடன்முறை மறையவில்லை. லொபொட்டனிலே 1816ஆம் ஆண்டுச் சட்டம் கரைநில உடைமையாளருக்குக் கடலின்மீதும் அதிகாரம் அளித்தது. 1857இலேயே அவ்வதிகாரம் நீக்கப்பட்டது. 1890இல் ட்ரொல்பியோர்ட் என்ற ஒடுங்கிய குடாவின் வாயிலை நீராவிக் கப்பல் உடைமையாளர் மறித்தபோது, திறந்த படகுகளின் மீனவர் அவர்களோடு மோதினர். இம்மோதல் யொஹான் போயரின் 'கடைசி வைக்கிங்' (1921) நாவலிலே சித்திரிக்கப்பட்டுள்ளது. 1938ஆம் ஆண்டின் பச்சைமீன் சட்டம், முதல் விற்பனையின்மீதான உரிமையை மீனவரின் விற்பனை அமைப்புக்கு வழங்கியது. பல நூற்றாண்டுக் கடனுறவுக்கு அமைந்த சட்டபூர்வமான மாற்று இதுவே.

இவ்வுணவு கடல் கடந்தபோது அதன் பொருளும் மாறிற்று. 1825க்கும் 1925க்கும் இடையில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட நோர்வேயர் வட அமெரிக்காவிற் குடியேறினர். நிலமற்றோரும் சிறு விவசாயிகளும் அவர்களுட் பெருந்தொகையினர். மினசோட்டா, விஸ்கொன்சின் முதலிய மாநிலங்களின் லூதரன் தேவாலயங்களிலே இலையுதிர்காலத்தில் நடைபெறும் லூட்டபிஸ்க் விருந்துகள் இன்றும் கூட்டத்தை ஈர்க்கின்றன. மினசோட்டாவின் மடிசன் என்ற சிற்றூர் தன்னை இவ்வுணவின் தலைநகராக அறிவித்து, ஒரு கொட் மீன் சிலையையும் நிறுவியுள்ளது. அதேவேளை, இம்மீன் அங்கு முடிவற்ற நகைச்சுவைக்கும் பொருளாகும். தொழிலாளர் பாதுகாப்பிற்கான விஸ்கொன்சின் சட்டமொன்றிலே நச்சுப்பொருட்களின் வரைவிலக்கணத்திலிருந்து லூட்டபிஸ்க்குக்குப் பெயர்சொல்லி விலக்களிக்கப்பட்டிருந்தது. புலம்பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் மொழியை இழந்த பின்னர், பாட்டனாரின் வறுமையுணவு அடையாளமாக எஞ்சியது. அதனை உண்பதும் பழிப்பதும் அவ்வடையாளத்துக்குரிய இரு சடங்குகளாயின.

நோர்வேயிலோ நிலைமை வேறு. 1969இல் எண்ணெய்வளம் கண்டறியப்பட்ட பின்னர் அந்நாடு செல்வம் கொழித்தது. பெரும்பாலான இல்லங்களிலே நத்தார் இரவு விருந்தாகப் பன்றி விலாவும் ஆட்டு விலாவும் இடம்பெறுகின்றன. லூட்டபிஸ்க், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை உணவகங்களிலே அதிக விலைக்கு விற்கப்படும் பண்டமாகிவிட்டது. ஒரு காலத்தில் வேறு வழியின்றி உண்ணப்பட்டது, இப்போது தெரிவுசெய்து உண்ணப்படுகின்றது. நாற்றம் மாறவில்லை, அதனை முகர்வோரின் வர்க்க நிலை மாறியுள்ளது. பழிப்போருட் பலர் வறுமையின் நினைவினின்றும் விலக முற்படுகின்றனர்; போற்றுவோருட் பலர் வறுமை நீங்கிய பின்னர் அதன் மணத்தை மட்டும் மீட்டுக்கொள்கின்றனர்.

இவ்விரு சாராருடைய விவாதத்திலும் மீனைப் பிடித்துப் பதனிடும் கைகள் பேசப்படுவதில்லை. இக்கைகளுள் எமது மக்களின் கைகளும் அடங்கும். 1980களில் இலங்கையிலிருந்து நோர்வேக்குச் சென்ற தமிழருட் பலர், வடகோடியிலுள்ள பின்மார்க் மாவட்டத்தின் கரையோர ஊர்களிலே மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைக்கமர்ந்தனர். கருவாட்டு நாற்றத்தைச் சாதியிழிவின் அடையாளமாகக் கருதப் பழகிய ஒரு சமூகத்திலிருந்து சென்றோர், அம்மணம் உடலில் ஊறும் உழைப்பினாற் குடும்பங்களைத் தாங்கினர். எமது மூக்கும் வர்க்கமும் சாதியும் பயிற்றிய மூக்கே என்பதை இவ்வனுபவம் தெளிவாகக் காட்டுகின்றது.

ஆதலின், சுவைபற்றி வாதிடுவதிற் பயனுண்டு. ஒருவருக்கு லூட்டபிஸ்க் பிடிக்கவேண்டும் என்று எந்த வரலாறும் கட்டளையிட முடியாது. ஆனால் 'நாறுகின்றது' என்ற தீர்ப்பை யார், எவரைக் குறித்து, எந்நிலையிலிருந்து வழங்குகின்றார் என்று கேட்கமுடியும், கேட்கவும் வேண்டும். இலக்கியத்திலே 'இழிசனர் வழக்கு' என்ற தீர்ப்பை எதிர்த்து இதே வினாவை எழுப்பியோர், சமையலறை வாயிலில் அதனைக் கைவிடுவதற்கு நியாயம் எதுவுமில்லை.