இரைப்பை பைபாஸ் சிகிச்சைக்குப் பின்: எடை குறைந்தது, கவனிப்பு குறையலாமா?

உடற்பருமனுக்காக இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதல் ஆண்டில் மறுபரிசோதனைக்குத் தவறாமல் வருகிறார்கள். எடை குறைகிறது, சர்க்கரை நோய் மாத்திரைகள் குறைகின்றன, முழங்கால் வலி தணிகிறது. மூன்றாம் ஆண்டில் அவர்களுள் பலரைக் காண முடிவதில்லை. “நன்றாகத்தானே இருக்கிறேன், டாக்டர்” என்பதே அவர்கள் கூறும் காரணம். பிறகு ஒருநாள் தீராத அசதியோடும் பாதங்களில் மதமதப்போடும் வருகிறார்கள்.

உள்ளே நிகழ்ந்த மாற்றம்

இச்சிகிச்சையில் இரைப்பையின் மேற்பகுதி சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலுடன் நேராக இணைக்கப்படுகிறது. எஞ்சிய இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமலே உணவு கீழே செல்கிறது. இரும்பும் கால்சியமும் பெருமளவு உறிஞ்சப்படுவது அந்தத் தொடக்கப் பகுதியில்தான். வைட்டமின் பி12-ஐ உடல் ஏற்பதற்கு இரைப்பைச் சுரப்புகள் தேவை. எனவே, எவ்வளவு சத்தாக உண்டாலும் உணவு மட்டும் போதாது.

பி12 சத்து கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிக்கப்பட்டிருக்கும். அதனால் மாத்திரையை நிறுத்தியவருக்கு உடனே எதுவும் தெரிவதில்லை. சேமிப்பு தீர்ந்த பின்னரே குறை வெளிப்படுகிறது. அதற்குள் நரம்புகள் பாதிக்கப்பட்டால் முழுமையாக மீளாமலும் போகலாம்.

வாழ்நாள் மாத்திரைகள்

பல்சத்து மாத்திரை, பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதும் தேவை. கால்சியம் நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வரை, பல வேளைகளாகப் பிரித்து உட்கொள்ளப்பட வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்திற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீர், காபியுடன் விழுங்காதீர்கள்.

உணவும் எடையும்

தட்டில் முதலில் உண்ண வேண்டியது புரதம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராமும் உள்ளன. பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவையும் உதவும். உணவுடன் நீர் பருகாமல், அரை மணி நேரம் கழித்துப் பருகுங்கள். இராஜபாளையத்து நூற்பாலைகளில் இரவுப்பணி செய்வோர், பணி நேரம் மாறினாலும் உணவு வேளைகளையும் மாத்திரை வேளைகளையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்வது நல்லது.

திருவில்லிபுத்தூர் பால்கோவா நம் ஊரின் பெருமை. ஆனால் சர்க்கரை மிகுந்த உணவு சிறுகுடலில் விரைந்து இறங்கும்போது வயிற்றுப்போக்கு, படபடப்பு, வியர்வை ஆகியவை ஏற்படலாம். உண்ட 1 முதல் 3 மணி நேரத்திற்குள் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழவும் கூடும்.

எடை ஓரளவு திரும்புவது தோல்வியன்று. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதலிரு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அது 25 விழுக்காடாக நிலைத்தது. எடை தொடர்ந்து ஏறினால், வெட்கப்படாமல் வாருங்கள். இடைவிடாத நொறுக்குத்தீனி, இனிப்புப் பானங்கள், நடைப்பயிற்சியின்மை ஆகியவற்றைப் பெரும்பாலும் திருத்த முடியும்.

குடும்பத்தார் அறிய வேண்டியவை

• கடும் வயிற்றுவலி, கறுப்பு நிற மலம் ஆகியவை அவசர அறிகுறிகள். ஆண்டுகள் கடந்தபின்னும் குடல் பிணைந்து அடைப்பு ஏற்படலாம்.

• தொடர் வாந்தியால் வைட்டமின் பி1 குறைந்து மூளை பாதிக்கப்படலாம். எங்குச் சிகிச்சைக்குச் சென்றாலும், குளுகோஸ் ஏற்றுவதற்கு முன்பே பைபாஸ் நடந்ததைக் கூறுங்கள்.

• மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வலிமாத்திரை வாங்கக் கூடாது. அவையும் புகைப்பழக்கமும் இணைப்பிடத்தில் புண் உண்டாக்கும்.

• மதுவைத் தவிர்க்கவும். அது முன்பைவிட வேகமாக இரத்தத்தில் கலக்கும்.

• பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பின்னர்க் கருவுற்றால், சர்க்கரைப் பரிசோதனைக்கு வழக்கமாகத் தரப்படும் 75 கிராம் குளுகோஸ் கரைசலைப் பருகுவதற்கு முன் மருத்துவரிடம் இதைத் தெரிவியுங்கள். மாற்று முறை உண்டு.

ஆண்டுக்கு ஒருமுறை

முதல் ஆண்டில் மருத்துவர் குறிக்கும் நாள்களிலும், அதன்பின் ஆண்டுதோறும், இரத்த அணுக்கள், இரும்புச் சேமிப்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். ஆடிப்பூரத் தேரோட்டம் ஆண்டுதோறும் நினைவில் நிற்பதுபோல், இதற்கும் ஒரு மாதத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். உடல்நலம் நன்றாக இருக்கும்போதே வாருங்கள். குறையை இரத்தத்தில் கண்டால் மாத்திரையால் தீர்க்கலாம், நரம்பில் கண்டால் அது எளிதன்று.