மேசைமேல் வாட்டர்லூ: விதிகளை வாசிப்பது குறித்துச் சில குறிப்புகள்

போரை எதிர்க்கிற நாம் எதுக்காகப் பொம்மைச் சிப்பாய்களைப் பற்றிப் பேசணும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் வரலாறு யாரோ வகுத்த விதிகளின்படிதான் எழுதப்படுகிறது என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த விதிகளை எண்களாகவே அச்சடித்து விலைக்கு விற்கிற இடம் ஒன்று இருக்கிறதென்றால், அதைப் போய்ப் பார்க்காமல் எப்படி? நெப்போலியன் காலப் போர்களை மேசைமேல் ஆடும் விளையாட்டு அப்படியோர் இடம்.

ஆட்டம் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறடிக்கு நாலடி மேசை, அதன்மேல் பச்சைத் துணி. தெர்மோகோலை வெட்டிச் செய்த குன்றுகள், அட்டையில் ஒரு பண்ணைவீடு. ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உயரத்தில் ஈயக்கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த சிப்பாய்கள். காலர் நிறம், பொத்தான் நிறம் எல்லாம் அந்தந்த ரெஜிமெண்டுக்கு உரியபடி தீட்டப்பட்டிருக்கும். ஒரு படையைத் தீட்டி முடிக்க வருஷக்கணக்கில் ஆகலாம். எல்லாச் சிப்பாய்க்கும் பொம்மை கிடையாது. பல விதிப்புத்தகங்களில் ஒரு பொம்மை 20 பேருக்குச் சமம், ஆக 600 பேர் கொண்ட பட்டாலியன் என்பது 30 பொம்மை. இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்துகிறார்கள். சுடுவதற்குப் பகடை, எத்தனை பொம்மை விழுந்தது என்பதை அட்டவணை சொல்லும். அதற்கப்புறம் 'மொரால்' சோதனை. இழப்பு அதிகமா, பக்கவாட்டில் எதிரி இருக்கிறானா, தளபதி பக்கத்தில் நிற்கிறாரா, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டல் அல்லது கழித்தல். பகடையில் விழுந்ததையும் சேர்த்துப் பார்த்தால் பட்டாலியன் நிற்குமா ஓடுமா என்று தெரிந்துவிடும். 600 பேரின் பயம் ஒரு கூட்டல் கணக்கு, அவ்வளவுதான்.

சிரிக்கலாம். ஆனால் வரலாற்று நூல் 'அஞ்சாநெஞ்சம் கொண்ட காவற்படை' என்று எழுதிவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விடும். அடைமொழிக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. விதிப்புத்தகத்தால் அப்படி நழுவ முடியாது. அதே காவற்படைக்குக் கூட்டல் ஒன்று என்று போட்டாக வேண்டும். போட்ட உடனே எதிரில் உட்கார்ந்திருப்பவன் கேட்கிறான்: 'உனக்கு மட்டும் ஏன் கூட்டல்? யார் சொன்னது?' அடைமொழிக்குள் பதுங்கியிருந்த கருத்தியல் மேசைக்கு வந்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தை மட்டும் விரிவாகப் பார்க்கலாம். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடந்த போர்களில் பிரெஞ்சுக்காரர்கள் குறுகிய முகப்பும் நிறைய ஆழமும் கொண்ட அணியாக வந்தார்கள், ஆங்கிலேயர்கள் இரண்டே வரிசையில் அகலமாக நின்றார்கள், ஆங்கிலேயர் வென்றார்கள். ஏன்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் ஓமன் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் கணக்குப் போட்டார். ஆழமான அணியில் முன்வரிசைக்காரர்கள் மட்டும்தான் சுட முடியும், அகல அணியில் எல்லாத் துப்பாக்கியும் சுடும், எனவே அகல அணி வெல்லும். ரொம்பச் சுத்தமான கணக்கு. அந்தச் சுத்தத்தினாலேயே அது விதிப்புத்தகங்களுக்குள் எளிதாக நுழைந்துவிட்டது. 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் 'வார் கேம்ஸ்' நூல் வந்த பிறகு இந்த விளையாட்டு பரவியது. வார இறுதிதோறும் எத்தனையோ மேசைகளில் பிரெஞ்சு அணி முன்னேறி, எண்ணிக்கையில் தோற்று, திரும்பி ஓடியது. ஒரு வரலாற்றாசிரியரின் ஊகம், பகடை உருட்ட உருட்ட நிரூபணமான உண்மைபோல ஆகிவிட்டது.

1981இல் பாடி கிரிஃபித் மறுத்தார். அவர் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பாடம் சொன்னவர், தானே போர் விளையாட்டுக்காரர். ஆங்கிலேயர் சளைக்காமல் சுட்டு வெல்லவில்லை, எதிரி நெருங்கும்வரை சுடாமல் காத்திருந்து, ஒரே ஒரு முறை சுட்டு, உடனே கூச்சலோடு பயனெட்டை நீட்டிக்கொண்டு பாய்ந்தார்கள் என்றார் அவர். அப்படியானால் தீர்மானித்தது துப்பாக்கிகளின் எண்ணிக்கையா, அந்தக் கூச்சலா? விதியை மாற்றினால் வரலாறு மாறுகிறது. இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான். நம் வரலாற்று நூல்களில் இவ்வளவு வெளிப்படையாக இது நடப்பதில்லை.

இதன் பூர்வீகம் அரண்மனையும் ராணுவமும் என்பதை மறக்கக்கூடாது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் பிரபு, துண்டு துண்டாக மாற்றி அடுக்கக்கூடிய நிலப்பரப்போடு ஒரு மேசையைச் செய்து தன் அரசருக்குக் கொடுத்தார். 1824இல் அவர் மகன், பீரங்கிப்படை அதிகாரி, அதை 1:8000 அளவு வரைபடத்துக்கும் பகடைக்கும் நடுவருக்கும் மாற்றினார். தலைமைத் தளபதி மியூஃப்லிங் இது விளையாட்டல்ல, போர்ப் பயிற்சி என்று வியந்து படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதி இதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார். பெரிய போரைவிடச் சின்னப் போர் மேல் என்பது அவர் வாதம். அடுத்த வருஷம் 1914.

பொம்மைகளுக்கு அரசியல் உண்டா என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்களுக்கு வில்லியம் சிபோர்னின் கதையைச் சொல்ல வேண்டும். ஆங்கிலேய ராணுவத்து லெப்டினன்ட். 1815 ஜூன் 18இல் நடந்த வாட்டர்லூ போரை மாதிரியாகச் செய்யும்படி பணிக்கப்பட்டு, 1830இல் போர்க்களத்து லா ஹே சாந்த் பண்ணைவீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணிவாக்கில் உங்கள் படை எங்கே நின்றது என்று கேட்டார். கவனிக்கவும்: அதிகாரிகளுக்கு. இடையில் அரசு பணத்தை நிறுத்தியது, மனிதர் கடன்பட்டார். 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது அதில் 70,000க்கும் மேற்பட்ட பொம்மைகள் இருந்தன. வெலிங்டன் தரப்புக்கு அது பிடிக்கவில்லை. காரணம், பிரஷ்யப் படை களத்துக்குள் ரொம்ப தூரம் வந்து நின்றது. பிரஷ்யர்கள் அவ்வளவு பேர், அவ்வளவு உள்ளே, அந்த நேரத்தில் இருந்தார்கள் என்றால் வெற்றி யாருடையது? கடைசியில் சிபோர்ன் தான் காட்டியது பிழை என்று சொல்லி, பிரஷ்யப் பொம்மைகளில் ஒரு பகுதியை எடுத்துவிட இசைந்தார். பிரதியிலிருந்து வரிகளை நீக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த மாதிரி இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மேசையைச் சுற்றி நிற்பவனின் கண் தளபதியின் கண். மேலேயிருந்து எல்லாம் தெரியும். தெரியாதவை எவை? 1812இல் நெப்போலியனோடு ரஷ்யாவுக்குள் போன நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை பசி, குளிர், நோய். லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரில் 2001இல் தோண்டியெடுத்த குழியில் அந்தப் படையின் சடலங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. 2006இல் வெளியான ஆய்வு, பேனால் பரவும் காய்ச்சல்களின் தடயத்தைக் கண்டது. 2025இல் வெளியான இன்னொன்று பாராடைபாய்டு கிருமியைக் கண்டது. வயிற்றுப்போக்கோடு நடந்த சிப்பாய்க்கு எந்தக் கடையிலும் பொம்மை இல்லை. படையோடு நடந்த துணி துவைக்கும் பெண்கள், குதிரைத் தீனிக்காகக் களஞ்சியத்தைப் பறிகொடுத்த விவசாயி, இவர்களெல்லாம் இருந்தாலும் அலங்காரத்துக்குத்தான். பகடை அவர்களுக்காக உருளாது. வெலிங்டன் 1803 செப்டம்பர் 23இல் மராத்தியரை எதிர்த்து ஆடிய அசாயே போரும் மேசைக்கு வருவதுண்டு. அவர் படையில் மதராஸ் காலாட்படைப் பட்டாலியன்கள் இருந்தன. அந்தச் சிப்பாய் எந்தத் தரம், அவன் மொரால் எத்தனை என்பதையும் ஒரு பட்டியல்தான் முடிவு செய்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஆடிய ஒருவரும் இருந்தார்: 'காட்சிகளின் சமூகம்' எழுதிய கீ துபோர். 1950களில் யோசித்து, 1965இல் காப்புரிமை பெற்று, 1987இல் அலிஸ் பெக்கர்-ஹோவோடு சேர்ந்து முழு ஆட்டமொன்றின் நகர்வுகளையெல்லாம் புத்தகமாக்கினார். அவருடையது சிப்பாய்ப் பொம்மை இல்லாத பலகை, 500 கட்டம், பகடையும் கிடையாது. அதன் மைய விதி வேறு: ஒவ்வொரு படைப்பிரிவும் தன் ஆயுதக்கிடங்கோடு தொடர்புக் கோட்டால் இணைந்திருக்க வேண்டும். கோட்டை எதிரி அறுத்துவிட்டால் அந்தப் பிரிவால் நகரவும் முடியாது, தாக்கவும் முடியாது. தன் ஆட்டத்தில் விடுபட்டவற்றையும் துபோரே எழுதிவைத்தார்: வானிலை, வீரர்களின் மனநிலையும் களைப்பும், எதிரி எங்கிருக்கிறான் என்ற நிச்சயமின்மை.

நானும் ஒரு தோழரும் அட்டையில் காய் வெட்டி இதை ஆடிப் பார்த்தோம். காய்களைக் கொல்வதைவிடக் கோட்டை அறுப்பதிலேயே இருவரும் குறியாக இருந்தோம். என்னுடைய ஐந்து காய்கள் உயிரோடு இருந்தும் அசையவில்லை. தோழர் அவற்றை விட்டுவிட்டு நேரே என் கிடங்கை நோக்கிப் போனார்.