ஏட்டில் அடங்காத அறிவு

கணிப்பொறிக்கான நிரல் ஒன்றை எழுதி முடித்ததும், அதற்குரிய அறிவு முழுவதும் ஏட்டில் ஏறிவிட்டது எனப் பலர் கருதுவர். டென்மார்க் நாட்டுக் கணிப்பொறி அறிஞர் பீட்டர் நவூர், 1985-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், இக்கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் மறுத்தார்.

நிரல்மொழி ஒன்றை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் நிரலை ஒரு குழுவினர் செம்மையாக ஆக்கினர். அம்மொழியைச் சற்றே விரிவாக்கி, வேறொரு கணிப்பொறிக்கு ஏற்ப அதனை அமைக்க இரண்டாம் குழுவினர் முற்பட்டனர். நிரலும் விரிவான விளக்கக் குறிப்புகளும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. ஆயினும், அவர்கள் கூறிய மாற்றங்கள் சில, நல்ல வீட்டில் ஒட்டுச் சாய்ப்பு இறக்கியதைப் போன்று இருந்தன. முதற்குழுவினர் அக்குறையைக் கண்டவுடனே உணர்ந்து, நிரலின் அமைப்புக்குள்ளேயே எளிய வழிகளைக் காட்டினர். பின்னாளில் அத்துணையின்றி வேறு சிலர் நிரலை விரிவாக்கினர். பழைய அமைப்பு கண்ணுக்குப் புலப்பட்டது. எனினும் ஒட்டுகள் மிகுந்து அதன் ஆற்றல் குன்றிப்போயிற்று.

ஒரு பகுதி ஏன் இவ்வாறு அமைந்தது, புதிய தேவை எழுந்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்னும் தெளிவு, ஆக்கியோர் உள்ளத்தில் வாழ்கிறது. அதைப் பெற விரும்புவோர் அவர்களுடன் கூடிப் பணியாற்ற வேண்டும். அக்குழு கலைந்தால் நிரலும் உயிரிழக்கிறது என்றார் நவூர்.

ஆட்களைப் பெருக்கினால் அறிவு பெருகுமா? ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருநிரல் ஒன்றை மேற்பார்த்த பிரடெரிக் புரூக்ஸ், 1975-இல் எழுதிய நூலில் இதனை ஆராய்ந்தார். பத்துப் பேர் ஒருவரோடொருவர் கலந்து பேச 45 இணைப்புகள் வேண்டும். ஐம்பது பேருக்கோ 1,225. தாமதமான பணியில் புதியவர்களைச் சேர்ப்பின், அவர்களுக்குக் கற்பிப்பதிலேயே பழையவர்களின் காலம் கழியும். பணி மேலும் தாமதமாகும்.

ஆகவேதான், ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துத் திருத்துவதும், இருவர் ஒரே கணிப்பொறியின் முன் அமர்ந்து எழுதுவதும் இத்தொழிலில் வழக்கமாயின. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் கருவி, ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் யார், செய்தது எப்போது என்பதைப் பதிவு செய்கிறது. ஆனால் காரணத்தை அதில் எழுதிவைக்க வேண்டியவர் மனிதரே.

பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ள நம்மவர் பலர். பல மொழியினர் கூடும் குழுவில், தெரியாததைக் கேட்கக் கூச்சம் தடையாகலாம். கேட்கப்படாத ஐயம் ஒருவரோடு நிற்பதில்லை. நிரலில் பிழையாகப் புகுந்துவிடும். பணி மாறிச் செல்வோரும் கோப்புகளை ஒப்படைப்பதோடு நில்லாமல், அடுத்து வருவோருடன் சில நாள் உடனிருந்து காரணங்களை விளக்குவாராயின், அவர்கள் ஆக்கிய நிரல் அவர்களுக்குப் பின்னும் வாழும்.