விழித்திருக்கும் தாய்

பிள்ளை பெறுவதை மறுபிறப்பு என்று நம் பாட்டிமார் சொல்லி வந்ததில் மிகை ஒன்றுமில்லை. பத்து மாதம் சுமந்ததன் முடிவில், ஓர் இரவும் ஒரு பகலும்கூட நீளக்கூடிய வேதனையைத் தாண்டித்தான் தாய் என்ற பெயர் கிடைக்கிறது என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள். அந்த வேதனையைத் தணிக்க வழியேதும் இல்லாதிருந்த காலத்தில், அதைப் பொறுத்துக்கொள்வதையே ஒரு பெருமையாக்கி, அடுத்து வரும் பெண்ணுக்குத் தைரியம் சொல்ல வேண்டிய கடமையும் அவர்களுக்கு இருந்தது. ஆனால் வழி பிறந்துவிட்ட பிறகும், பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஒரு பெண்ணிடம் சொல்வது தைரியம் ஊட்டுவதாகாது. எபிடியூரல் என்று வைத்தியர்கள் வழங்கும் அந்த வழி எவ்வாறு பிறந்தது, அதனால் நன்மை எவ்வளவு, அபாயம் எவ்வளவு என்பதை, வீட்டில் ஒரு கர்ப்பிணியை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்வது அவசியம்.

1847 ஜனவரி 19 அன்று, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், ஜேம்ஸ் யங் ஸிம்ப்ஸன் என்ற பிரசவ வைத்தியர், இடுப்பெலும்பு குறுகிப்போயிருந்த ஒரு பெண்ணுக்கு ஈதர் ஆவியைச் சுவாசிக்கக் கொடுத்துப் பிரசவம் பார்த்தார். அதே ஆண்டு நவம்பரில் குளோரோஃபாரத்தைத் தம்மீதே சோதித்துப் பார்த்து, சில நாட்களுக்குள் அதையும் பிரசவ அறைக்குக் கொண்டுவந்தார். உடனே ஆட்சேபங்கள் கிளம்பின. ஏவாளுக்கு விதிக்கப்பட்ட வேதனையை மனிதன் மாற்றலாகாது என்று சொன்னவர்களுக்கு, ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுள் அவனை ஆழ்ந்த நித்திரையில் ஆழ்த்தினார் என்பதை அதே பைபிளிலிருந்து எடுத்துக்காட்டி ஸிம்ப்ஸன் பதில் எழுதினார். 1853 ஏப்ரல் 7 அன்று விக்டோரியா மகாராணி தம் எட்டாவது குழந்தையான லியோபோல்டைப் பெற்றபோது, ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் மடித்த கைக்குட்டையில் குளோரோஃபாரத்தைச் சிறிது சிறிதாக விட்டு, 53 நிமிஷம் முகரச் செய்தார். ராணிக்கு உகந்தது குடிமக்களுக்கு ஆகாது என்று சொல்ல, அதன் பிறகு பலருக்கு நா எழவில்லை.

எனினும் அந்த ஆவி மருந்துகளில் ஒரு பெருங்குறை இருந்தது. அளவு சற்று மிஞ்சினால் அவை வலியோடு தாயின் பிரக்ஞையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். இரத்தத்தின் வழியே குழந்தையையும் எட்டி அதன் சுவாசத்தை மந்தப்படுத்தும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில், மார்ஃபினையும் ஸ்கோபாலமினையும் சேர்த்துக் கொடுத்து ‘அந்தி நித்திரை’ என்ற ஒரு முறையைக் கையாண்டார்கள். அதில் பெண் வலியால் அலறவும் துடிக்கவும் செய்வாள். தெளிந்த பிறகோ அவளுக்கு ஒன்றும் நினைவிராது. வலி போகவில்லை, வலியின் ஞாபகம்தான் போயிற்று. அதோடு, ஆயுள் முழுவதும் நினைத்து நினைத்து மகிழ வேண்டிய கணமும் அவளிடமிருந்து போயிற்று. வலியை எடுக்க வேண்டும், தாயை எடுத்துவிடக் கூடாது: வைத்திய சாஸ்திரம் தீர்க்க வேண்டியிருந்த பிரச்சினை இதுவே.

வலி மூளைக்குப் போய்ச் சேரும் பாதையை ஆராய்ந்தபோதுதான் இதற்கு விடை கிடைத்தது. கருப்பை சுருங்கி அதன் வாய் விரியும் முதற்கட்டத்து வேதனை, மார்புப் பகுதியின் கடைசி மூன்று தண்டுவட நரம்புகளின் வழியாகவும் இடுப்புப் பகுதியின் முதல் நரம்பின் வழியாகவும் உள்ளே செல்கிறது. குழந்தையின் தலை இறங்கிப் பிறப்புவழியை விரிக்கும் இரண்டாம் கட்டத்து வேதனையோ அவற்றுக்கும் கீழே, முதுகெலும்பின் அடிப்பகுதியிலுள்ள நரம்புகளின் வழியாகச் செல்கிறது. தண்டுவடத்தைச் சுற்றித் திரவம் நிறைந்த ஓர் உறை இருக்கிறது. அந்த உறைக்கு வெளியே, எலும்புக்கு உள்ளே, கொழுப்பும் மெல்லிய இரத்தக் குழாய்களும் அடங்கிய ஒரு குறுகிய இடைவெளி உண்டு. அந்த நரம்புகள் யாவும் அதைக் கடந்தே போக வேண்டும். உறைக்கு மேலே உள்ளது என்னும் பொருளில் அதற்கு எபிடியூரல் என்று பெயர். தந்தி தலைநகரை எட்டுமுன் வழியிலேயே கம்பியை நிறுத்திவிடுவதுபோல, அவ்விடத்தில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்தினால், மூளை விழித்திருக்க, வலி மட்டும் அதை எட்டாமற் போகும்.

சொல்வதற்கு எளிதாகிய இது கைகூடப் பல ஆண்டுகள் ஆயின. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர், உறைக்குள்ளேயே கோக்கேன் மருந்தைச் செலுத்திக் கீழுடம்பை மரத்துப்போகச் செய்தார். ஆனால் துளை வழியே திரவம் கசிவதால் வரும் கடுந்தலைவலியைத் தம் சரீரத்திலேயே அனுபவித்தார். உறையைத் துளைக்காமல், அதன் வெளிப்புறத்திலேயே இடுப்பளவில் மருந்திடும் முறையை 1921இல் விவரித்தவர் ஃபிடல் பாஹெஸ் என்ற ஸ்பானிய ராணுவ வைத்தியர். அவர் ஸ்பானிஷ் மொழியில் எழுதியதை வெளியுலகம் கவனிக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், தம் 37ஆம் வயதில், மோட்டார் விபத்தில் அவர் மாண்டார். பாஹெஸ் எழுதிப் பத்தாண்டுகளுக்குப் பின் இத்தாலியின் டோக்லியோட்டி அதே முறையைத் தாமாகவே கண்டு பரப்பி, பிற்பாடு முன்னவரின் பெருமையையும் ஒப்புக்கொண்டார். ஆயினும் ஒரு தடவை போட்ட மருந்து ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிரசவமோ அதற்குள் முடிவதில்லை. 1947இல் கியூபாவின் ஹவானா நகரில் மார்ட்டினெஸ் குர்பேலோ, முனை வளைந்த டூஹி ஊசியின் வழியாக, சிறுநீர்க் குழாய்க்கென்று செய்யப்பட்ட ஒரு மெல்லிய குழலை அந்த இடைவெளிக்குள் நுழைத்து, வேண்டியபோதெல்லாம் மருந்து செலுத்த வழி செய்தார். அவர் அதைச் செய்தது ஆபரேஷனுக்காக. பலன் அடைந்தவர்களோ கோடிக்கணக்கான தாய்மார்கள்.

இன்றைய பிரசவ அறையில் இது நடக்கும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். பெண் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்துக் குனிகிறாள். எதிரே நிற்கும் நர்ஸ் அவள் தோள்களைத் தாங்கிக்கொண்டு, “அசையாம இரும்மா, வலி வர்றாப்பல இருந்தா சொல்லு, டாக்டர் நிறுத்திக்குவாங்க” என்கிறாள். பின்னால் மயக்கமருந்து நிபுணர், கிருமிநாசினியால் துடைத்த முதுகில் எலும்புகளின் இடுக்கை விரலால் தடவிக் கண்டு, தோலை மரக்கச் செய்து, டூஹி ஊசியைச் செலுத்துகிறார். தண்டுவடம் அந்த இடத்துக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசியின் பின்னே சலைன் என்னும் உப்புநீர் நிறைந்த ஒரு ஸிரிஞ்சு; அதன்மேல் அவருடைய கட்டைவிரல். கெட்டியான தசைநாருக்குள் முனை இருக்கும்வரை எவ்வளவு அழுத்தினாலும் சலைன் போகாது. அதைத் தாண்டிய கணத்தில், எதிர்ப்பு சட்டென்று மறைந்து, சலைன் வழுக்கிக்கொண்டு உள்ளே செல்லும். பெரும்பாலோருக்குத் தோலிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் ஆழம். அதற்குச் சில மில்லிமீட்டர் அப்பால், துளைபடக் கூடாத அந்த உறை. கண்ணால் காண முடியாத இடத்தை ஒரு கட்டைவிரலின் ஸ்பரிசத்தால் அறியும் இந்த வித்தைக்கு எத்தனை பயிற்சி வேண்டும்! பிறகு மெல்லிய குழலை நுழைத்து, ஊசியை முழுவதுமாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். முதுகில் ஊசியோடு படுத்திருக்க வேண்டும் என்று அஞ்சுவோர் இதை அறிய வேண்டும்: உள்ளே தங்குவது நூல் போன்ற அக்குழல் மட்டுமே.

சுமார் 20 நிமிஷத்தில் வேதனை அடங்குகிறது. முற்காலத்தைவிட மிகக் குறைந்த செறிவில் பியூபிவகேன் என்ற மருந்தையும் சிறிதளவு ஃபென்டனிலையும் இப்போது சேர்த்துக் கொடுப்பதால், வயிறு இறுகுவதை உணரவும், முக்க வேண்டிய நேரத்தில் முக்கவும் பெண்ணால் முடிகிறது. இரத்த அழுத்தம் மிகுந்தவர்களுக்கும் இருதய நோய் உள்ள பலருக்கும் வலியின் தாக்குதலைத் தணிப்பது தனி நன்மை. அவசரமாக ஸிஸேரியன் செய்ய நேர்ந்தாலும், பெரும்பாலும் அதே குழலில் மருந்தைக் கூட்டினால் போதும். தாயை மயக்கத்தில் ஆழ்த்த வேண்டிய தேவை குறையும்.

“முதுகுல ஊசி போட்டா ஆயுசு முழுக்க இடுப்பு வலி” என்ற பயம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. 11,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2018இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, எபிடியூரலால் நீண்டகால முதுகுவலி அதிகமாகவில்லை, ஸிஸேரியனும் அதிகமாகவில்லை என்றே கண்டது. குழந்தை பெற்ற பிறகு இடுப்பு வலிப்பது, ஊசி போட்டுக்கொள்ளாதவர்களிடமும் சர்வ சாதாரணம். ஆனால் எபிடியூரலில் குறையே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. இரத்த அழுத்தம் தாழலாம். அரிப்பு, நடுக்கம், காய்ச்சல் வரலாம். சிறுநீர் தானாகப் பிரியாமல் ரப்பர் குழாய் வைக்க நேரலாம். பிரசவ நேரம் சற்று நீளலாம். எட்டுப் பேரில் ஒருவருக்கு வலி போதிய அளவு தணிவதில்லை. உறை துளைபட்டுக் கடுந்தலைவலி வருவது நூற்றில் ஒருவருக்கு. அதற்கும் சிகிச்சை உண்டு. நரம்புக்கு நிரந்தரச் சேதம் நேர்வது மிக மிக அபூர்வம். இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும், ஊசி குத்தும் இடத்தில் சீழ்ப்புண் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. இடைவிடாமல் கவனிக்கும் நர்ஸும், கூப்பிட்ட குரலுக்கு வரும் மயக்கமருந்து நிபுணரும் இல்லாத இடத்தில் இதைச் செய்யவும் கூடாது.

மருந்து வேண்டாம், நானே தாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் அது மரியாதைக்குரிய முடிவு. வேண்டும் என்று கேட்பவள் அவளைவிட எவ்விதத்திலும் குறைந்த தாய் அல்லள். ஆனால் அந்த முடிவை, வலி உச்சத்துக்கு ஏறிய நள்ளிரவில், வராந்தாவில் கூடி நிற்கும் உறவினர்கள் எடுப்பதுதான் நம்மிடம் பெரும்பாலும் நடக்கிறது. ஏழாம் மாதத்தில் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, “உனக்கு என்னம்மா சாப்பிட ஆசை?” என்று கேட்டுக் கேட்டுச் சமைத்துப் போடுகிறோமே, அந்த நல்ல வழக்கத்தோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: “வலிக்கு என்ன செய்யணும்னு நினைக்கிறே? டாக்டரை இப்பவே கேட்டு வைக்கலாமா?” அவள் ஆசைப்பட்டுக் கேட்ட புளிச்சோற்றுக்கு இருக்கும் மதிப்பு, அவள் உடம்பைப் பற்றி அவள் சொல்லும் வார்த்தைக்கும் இருக்கட்டும்.